வீட்டுச் சாமானைப் பிடித்துக் கடதாசியைத் தேடுதல்

கல்முனைக்குப் பக்கத்துப் பாண்டிருப்பில் ஒரு வீட்டுக்குச் சீதன வயல் ஒன்றின் தாய் உறுதி, அதாவது பிந்திய உறுதிகளுக்கு மூலமான பழைய உறுதி, தேவைப்பட்டது. கையில் இருந்தது பிற்காலத்து நன்கொடை உறுதியின் போட்டோக் கொப்பி மட்டும். மிச்சம் எல்லாம் ஒரு ரங்குப் பெட்டி, இரண்டு பிஸ்கற் ரின், ஒரு பழைய சூட்கேஸ், ஒரு சாக்கு நிறையக் கெசற். வேலை முடிய ஐந்து நாள் எடுத்தது. இதே வேலை வேறு வீடுகளிலும் செய்திருக்கிறோம். எல்லா இடத்திலும் சரிவந்த முறையை இங்கே எழுதுகிறோம்.

முதலில், எந்த வீட்டில் தேடுவது என்பது. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் தமிழ் வீடானாலும் முஸ்லிம் வீடானாலும் வீடு பெண்ணுக்குத்தான் போகும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். அதனால் கடதாசியும் பெண் வழியே போகும். தாயின் பெட்டி மூத்த மகளின் வீட்டில் கிடக்கும். தகப்பனுடைய பழைய பத்திரங்கள் அவருடைய அக்கா தங்கையின் வீட்டில் இருக்கும். அவர் கலியாணம் முடித்து வந்த வீட்டில் இருக்காது. இது தெரியாமல் தகப்பன் வாழ்ந்த வீட்டையே தலைகீழாகப் புரட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

அடுத்தது வயதானவர்களிடம் கேட்பது. "எந்த வருஷம்?" என்று கேட்கக் கூடாது. வருஷம் கேட்டால் ஒரு கணக்குச் சொல்வார்கள். பெரும்பாலும் நான்கைந்து வருஷம் பிசகும். வீட்டில் என்ன சாமான் இருந்தது என்று கேட்க வேண்டும்.

"பெத்தா, அந்த உறுதி எழுதக்குள்ள வீட்டுல ரேடியோ இருந்ததா?"

"ரேடியோ வந்து ரெண்டு மாரி போயிருக்கும் மனே. சூறாவளிக்கு முந்தி. ரீவி எல்லாம் அப்ப எங்க?"

இந்த ஒரு பதிலில் மூன்று தகவல் இருக்கிறது. சூறாவளி என்றால் 1978 நவம்பர் 23; அந்த இரவை இந்தக் கரையில் யாரும் மறப்பதில்லை. ரேடியோ வந்த வருஷத்தைக் கடதாசியிலேயே பார்க்கலாம், ஏனென்றால் அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருக்க லைசன்ஸ் எடுக்க வேண்டும். தபாற்கந்தோரில் காசு கட்டி எடுத்த அந்தத் துண்டுகளை எங்கள் ஆட்கள் எறிவதில்லை. ஒன்றின் மேல் ஒன்றாக ஊசி குத்தி வைத்திருப்பார்கள். பாண்டிருப்புப் பெட்டியில் முதல் லைசன்ஸ் 1975. இரண்டு மாரி கூட்டினால் 1977. தேட வேண்டிய காலம் ஒரேயடியாகச் சுருங்கிவிட்டது.

ஒற்றைக் கோட்டுக் கொப்பியில் ஒரு பக்கத்தைக் காலக்கோடாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் அசையாத முளைகளை முதலில் அடித்துவிட வேண்டும்: 1957 டிசம்பர் வெள்ளம், 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை மாவட்டம் பிரிந்தது, 1972 மே 22, சிலோன் என்ற பெயர் போய் ஸ்ரீலங்கா வந்தது, 1978 சூறாவளி, 1979இல் அரிசிக் கூப்பன் போய் உணவு முத்திரை வந்தது, 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி தொடங்கியது, 1990 வன்செயல், 2004 டிசம்பர் 26 சுனாமி. இந்த முளைகளுக்கு நடுவே வீட்டுச் சாமான்களை எழுதுங்கள். பெற்றோமக்ஸ், தையல் மெசின், ரேடியோ, சவூதியிலிருந்து வந்த டூ-இன்-வன் (ரேடியோவும் கெசற்றும் சேர்ந்தது), கறுப்பு வெள்ளை ரீவி, டெக் (வீடியோக் கெசற் போடும் மெசின்), தொலைபேசி. ரீவியில் மட்டும் ஒரு கவனம் வேண்டும். 1982 என்பது ரூபவாஹினி ஒளிபரப்புத் தொடங்கிய வருஷம். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் கரண்ட் இல்லாத ஊர்களில் கார் பற்றரியில் ஓடின சின்ன ரீவி பல வருஷம் பிந்தித்தான் வந்தது.

அம்பாறை பிரிந்ததை முளையாக அடித்ததற்குக் காரணம் இருக்கிறது. கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் எல்லாம் 1961க்கு முன் மட்டக்களப்பு மாவட்டம். அக்காலத்துப் பிறப்புப் பத்திரத்திலும் உறுதியிலும் அப்படித்தான் இருக்கும். "மட்டக்களப்பு" என்ற சொல்லைக் கண்டு "இது எங்கட காணி இல்லை" என்று ஒதுக்கி வைத்த கடதாசிக் கட்டுக்குள்தான் தேவையானது பலமுறை இருந்திருக்கிறது.

தையல் மெசின் இன்னொரு நல்ல சாட்சி. சிங்கர் மெசினின் அடிப்பலகையில் வலது பக்கம் ஒரு தொடர் இலக்கம் பொறித்திருக்கும். இரண்டு ஆங்கில எழுத்தில் தொடங்கி முதலெழுத்து 'ஈ' (E) என்றால் அது ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்க் தொழிற்சாலையில் செய்தது. இலக்கத்தைக் கொண்டு செய்த வருஷத்தைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் அது வீட்டுக்கு வந்த வருஷம் இல்லை. வந்த வருஷத்தை, தவணைக்கு வாங்கியபோது கொடுத்த தவணைக் காட் (அட்டை) சொல்லும். அந்த அட்டையில் விலாசம், தவணை கட்டிய திகதி எல்லாம் இருக்கும். ஒரு ஆள் இன்ன வருஷம் இன்ன வீட்டில் இருந்தார் என்பதற்கு வேறு எந்த எழுத்தும் மிஞ்சாத வீடுகளில் இந்தக் காட் மிஞ்சியிருக்கிறது. மெசின் லாச்சியைத் திறந்து பார்க்காமல் தேடலை முடிக்க வேண்டாம்.

இனிப் பெட்டியைத் திறப்பது. மாரி தொடங்கு முன், செப்டெம்பருக்குள் செய்துவிட வேண்டும். ஒக்டோபர் பிறந்தால் கடதாசி காயாது. விறாந்தையில் நிழலில் பாயை விரித்து, மேலே பழைய வெள்ளைச் சேலை ஒன்று. வெயிலில் காயப் போடக் கூடாது. மைப் பேனா எழுத்து வெளிறும், படம் சுருளும். வாய்க்கு மாஸ்க் கட்டாயம். எடுத்த வரிசையிலேயே அடுக்க வேண்டும். எது எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதே ஒரு சாட்சி: லைசன்ஸ் கட்டுக்குள் ஒரு ரசீது கிடந்தால் அது அந்தக் காலத்து ரசீதாக இருக்க வாய்ப்பு அதிகம். துருப்பிடித்த குண்டூசியை இழுக்காமல் இரண்டு பக்கமும் நிமிர்த்திக் கழற்றுங்கள். ரப்பர் பான்ட் உருகி ஒட்டியிருந்தால் கடதாசியோடு உரிக்காமல் அப்படியே விடுங்கள்.

சுனாமி நனைத்த கடதாசிக்குத் தனி வைத்தியம். கடல் உப்பு உள்ளே ஊறியிருப்பதால் 20 வருஷம் போனாலும் மாரியில் அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். போல்பொயின்ற் எழுத்துத் தாங்கும். மைப் பேனா எழுத்துத் தண்ணீர் பட்டால் ஓடும். ஒட்டிக்கொண்ட தாள்களைக் கத்தி வைத்துப் பிரிக்க வேண்டாம். கண்ணாடியில் ஒட்டிப்போன போட்டோவை எடுக்கவே வேண்டாம்; கண்ணாடியோடு சேர்த்து ஸ்கான் செய்தால் போதும்.

இரண்டு பிழைகள் அநேகமாக எல்லா வீட்டிலும் நடந்திருக்கின்றன. ஒன்று, லமினேற் பண்ணியது. ஒரிஜினலைச் சூட்டு லமினேற் செய்தால் பிறகு கழற்ற முடியாது. தேமல் தாளில் (சூட்டால் எழுத்து விழும் தாளில்) வந்த பக்ஸ், வங்கித் துண்டு போன்றவற்றை அந்தச் சூட்டுக்குள் விட்டால் முழுவதும் கறுத்துப்போகும். அந்தத் தாள் சும்மா இருந்தாலே சில வருஷத்தில் மங்கிவிடும். வந்த அன்றே போட்டோக் கொப்பி எடுக்க வேண்டிய சாமான் அது. மங்கிப்போனதைக் கலரில் 600 டிபிஐயில் ஸ்கான் செய்து கொன்ராஸ்ற்றைக் கூட்டினால் சில வேளை எழுத்துத் தெரியும். மற்றப் பிழை, கெசற்றோடு பூச்சி உருண்டை போட்டது. நப்தலின் ஆவி கெசற் கூட்டின் பிளாஸ்ரிக்கை இளக்கும்.

கெசற்றைப் பாட்டுக் கெசற் என்று ஒதுக்கிவிட வேண்டாம். எழுபதுகளின் கடைசியிலிருந்து வளைகுடா போனவர்கள் கடிதத்துக்குப் பதிலாகக் கெசற்றில் பேசி அனுப்பினார்கள். எழுத வராதவர்களுக்கும் அது கடிதம். அனுப்பின காசு எதற்கு, எந்த வட்டையில் (வயல்வெளியில்) எந்தக் காணி பேசி முடித்தார்கள், யார் சாட்சி என்பதெல்லாம் அதில் இருக்கும். கடதாசியில் காணியின் பெயர் ஒருமாதிரி இருக்கும், வாயில் வேறு மாதிரி. இந்தத் தேடலில் வயலின் வழக்குப் பெயர் ஒரு சி-60 (60 நிமிட) கெசற்றில்தான் கிடைத்தது. அந்தப் பெயர் இல்லாமல் உறுதியின் எல்லை விவரத்தை அடையாளம் கண்டிருக்க முடியாது.

போடுவதற்கு முன் கெசற்றின் பின்பக்கத்தில் உள்ள இரண்டு சின்னப் பிளாஸ்ரிக் துண்டையும் உடைத்துவிடுங்கள். பிறகு தவறி ரெக்கோட் அமத்தினாலும் குரல் அழியாது. உள்ளே நாடாவில் வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் பிளேயரில் போடக் கூடாது. அது ஹெட்டில் ஒட்டி அடுத்த கெசற்றையும் கெடுக்கும். நாடாவை அமத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சு விழுந்திருந்தால் சத்தம் மங்கலாக வரும். நாடா கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அதே அளவு கெசற் ஒன்றிலிருந்து பஞ்சை எடுத்து வைக்கலாம், அல்லது நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றலாம். சி-90இன் நாடா சி-60ஐ விட மெல்லியது, சி-120 அதிலும் மெல்லியது. பழைய மெசினில் சுற்றிக்கொண்டு அறுவது அதிகம். ஹெட்டை ஐசோபுரோப்பைல் அற்ககோல் தொட்ட பஞ்சால் துடைத்து, ஒருமுறை கடைசிவரை ஓடவிட்டுத் திருப்பிச் சுற்றிய பிறகு பதிவு தொடங்குங்கள். ஹெட்போன் துளையிலிருந்து கணினிக்கு வயர், 44.1 கிலோஹேட்ஸ், 16 பிட். இப்படி ஸ்டீரியோவில் எடுத்தால் 90 நிமிடத்துக்குச் சுமார் 950 எம்பி வரும். இடம் போகிறதென்று எம்பி3 மட்டும் வைக்க வேண்டாம்.

டெக் கெசற்றில் ஒரு சிக்கல். வீடியோப் படத்துக்கு இங்கே பால் (PAL) முறை. கனடாவிலிருந்து வந்த கலியாணக் கெசற் என்ரிஎஸ்சி (NTSC) முறை. பால் டெக்கில் போட்டால் படம் கறுப்பு வெள்ளையாக உருளும். கெசற் பழுது என்று எறிந்துவிடாமல், இரண்டு முறையும் ஓடும் டெக்கைத் தேடுங்கள்.

தொண்ணூறுகளிலும் அதன் பிறகும் கணினிக் கடையில் அடித்த ஒப்பந்தங்கள் புளொப்பியில் கிடக்கும். மூன்றரை அங்குலப் புளொப்பி 1.44 எம்பி, யூஎஸ்பியில் செருகும் ட்றைவ் அதைத்தான் வாசிக்கும், பெரிய ஐந்தேகால் அங்குலத்தை வாசிக்காது. இரும்பு மூடியைத் தள்ளி உள்ளே தட்டில் புள்ளி புள்ளியாகப் பூஞ்சணம் இருக்கிறதா பாருங்கள். புளொப்பியில் வைத்தே பைலைத் திறக்காமல், எல்லாவற்றையும் கணினிக்குக் கொப்பி பண்ணிவிட்டுத் திறக்க வேண்டும். திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குழம்பித் தெரியும். பைல் கெடவில்லை, அது பாமினி எழுத்துருவில் அடித்தது. பாமினியைப் போட்டால் தமிழ் தெரியும். ஆனால் கண்ணுக்குத் தெரிந்தாலும் கணினி அதைத் தமிழாக எண்ணாது. "உறுதி" என்று தேடினால் ஒன்றும் வராது. யுனிகோட்டுக்கு மாற்றிய கொப்பி ஒன்றை வைத்தால்தான் தேடல் வேலை செய்யும்.

ஸ்கான் செய்ததைத் தேடுவதற்கும் இதே கதிதான். அச்செழுத்தைக் கணினி ஓரளவு வாசிக்கும். பழைய அச்சில் ணை, லை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை போட்ட வடிவத்தில் இருக்கும், அங்கே தடுமாறும். தட்டச்சு, ரோணியோ (ஸ்ரென்சில்) பிரதிகளில் பிழை மலியும். கையெழுத்தை வாசிக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். ஆகவே பைலின் பெயரே தேடலுக்கு உதவ வேண்டும்: வருஷம், கடதாசி வகை, ஆள், காணி. வருஷம் தெரியாவிட்டால் "197-" என்று பத்தாண்டை மட்டும் எழுதலாம். ஆளின் பெயரைக் கடதாசியில் உள்ளபடியே எழுதுங்கள். தம்பிப்பிள்ளை, தம்பிபிள்ளை இரண்டும் உண்டு, லெப்பை, லெவ்வை இரண்டும் உண்டு, முஹம்மது, முகம்மது, முகமது மூன்றும் உண்டு. தேடும்போது எல்லா எழுத்துக்கூட்டலையும் போட்டுத் தேட வேண்டும்.

ஒரே பெயரில் மூன்று சின்னத்தம்பி இருக்கும் வீட்டில் அடையாள அட்டை இலக்கம் கைகொடுக்கும். பழைய இலக்கத்தின் முதல் இரண்டு எண் பிறந்த வருஷம், அடுத்த மூன்று அந்த வருஷத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணுக்கு 500 கூட்டியிருக்கும். பெப்ரவரியை எப்போதும் 29 நாளாக எண்ண வேண்டும். 1952 மார்ச் 10இல் பிறந்த பெண்ணுக்கு 31, 29, 10 சேர்ந்து 70. ஆக 52570 என்று தொடங்கும்.

பாண்டிருப்பு வீட்டில் தாய் உறுதி கிடைக்கவில்லை. கிடைத்தது உறுதி எழுதும் நொத்தாரிசின் கூலி ரசீது ஒன்று, 1977ஆம் ஆண்டு லைசன்ஸ் துண்டுக்குப் பின்னால் மடித்தபடி. பெத்தா சொன்ன உறுதியின் இலக்கமும் திகதியும் அதில் இருந்தன. அதுவே போதும். உறுதி ஒன்று எழுதினால் மூலம் காணிக்காரர் கையில், ஒரு பிரதி நொத்தாரிசிடம், இன்னொரு பிரதி காணிப் பதிவகத்தில். வீட்டுக் கொப்பியைக் கடல் கொண்டுபோனாலும் மற்ற இரண்டும் இருக்க இடமுண்டு. நொத்தாரிசின் பெயர், உறுதி இலக்கம், திகதி இந்த மூன்றோடும் பதிவகத்துக்குப் போனால் பதிவேட்டில் அந்தக் காணிக்குரிய பக்கத்தை, அதாவது போலியோவை (folio), பிடிக்கலாம்; அதன் தலைப்பில் முந்தின போலியோவின் இலக்கம் இருக்கும், அதைப் பிடித்துப் பின்னுக்குப் போகலாம். இப்படி இரண்டு போலியோ பின்னுக்குப் போனதில் 1958இல் எழுதின தாய் உறுதி வந்தது, மட்டக்களப்பு மாவட்டம் என்ற தலைப்போடு.

முடிந்த பிறகு எல்லாவற்றையும் எடுத்த வரிசையிலேயே திரும்ப வைத்தோம். கடதாசி பருத்தித் துணியில் சுற்றி, கெசற் தனிப் பெட்டியில் நிமிர்த்தி, பெட்டி நிலத்தில் இல்லாமல் இரண்டடி உயர வாங்கில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. கறையான் சுவர் வழியே ஏறுவதால்தான் அந்த இடைவெளி. காலக்கோடு எழுதிய கொப்பி பெட்டிக்குள் போகவில்லை; அது சாமி அறை அலுமாரியில் இருக்கிறது, அதன் போட்டோக் கொப்பி ஒன்று மட்டக்களப்பில் இருக்கும் இளைய மகளிடம்.