மால்டி-டாஃபில் ஸ்போர் சாம்பிள்: ‘அடையாளம் இல்லை’ என்று வந்தால் விட்டுவிடாதீர்கள்

பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் ஸ்போர்களுக்கு (கடினமான உறைக்குள் உறங்கும் அதன் வடிவம்) மால்டி-டாஃப், அதாவது புரதங்களின் நிறையை அளந்து கிருமியை அடையாளம் காட்டும் கருவியின் ரிப்போர்ட் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இதே வேலையில் இறங்குகிறவர்கள் என்னைப் போல் அலைய வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

ஸ்போர் தயாரித்ததில் பிரச்சினை எதுவும் இல்லை. மாங்கனீஸ் சேர்த்த ஊடகத்தில் வளர்த்து, குளிர்ந்த நீரில் திரும்பத் திரும்பக் கழுவினேன். பிரச்சினை கருவி மையத்தில். அங்கே எந்த சாம்பிள் போனாலும் ஒரே வழிமுறைதான்: எத்தனால், 70 சதவீத ஃபார்மிக் அமிலம், அசிட்டோநைட்ரைல், மேலே ஒரு துளி மேட்ரிக்ஸ் (லேசரை உறிஞ்சிப் புரதங்களை அயனியாக்க உதவும் கரைசல்). வளரும் செல்லுக்கு அது சரி. ஸ்போரின் உறை அதற்கெல்லாம் எளிதில் வழிவிடாது. படிவத்திலேயே ‘ஸ்போர், வலுவான அமிலம் தேவை’ என்று எழுதிக் கொடுத்திருந்தேன். பொறுப்பாளர் அதைப் படிக்கவே இல்லை. கருவி தரும் பொருத்த ஸ்கோர் 1.7-ஐக்கூட எட்டவில்லை. அதற்குக் கீழே போனால் ‘அடையாளம் இல்லை’ என்றுதான் வரும். கேட்டதற்கு, “உங்க சாம்பிள் சரியில்லை, வேற கொண்டு வாங்க” என்றார். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

சாம்பிளில் ஒரு குறையும் இல்லை. ஃபேஸ் கான்ட்ராஸ்ட் மைக்ரோஸ்கோப்பில் ஒவ்வொரு ஸ்போரும் பளிச்சென்று தெரிந்தது. உண்மையில் கருவியின் மென்பொருள் ஒப்பிடும் ஸ்பெக்ட்ரம் (புரத நிறைகளின் வரைபடம்) தொகுப்பே வளரும் செல்களிலிருந்து எடுத்தது. அதில் பெரும்பாலும் ரைபோசோம் புரதங்கள்தான். ஸ்போரில் மேலோங்கி நிற்பவை டிஎன்ஏவோடு ஒட்டியிருக்கும் சாஸ்ப் என்ற சிறு புரதங்கள். அமிலத்தில் கரைபவை.

அடுத்த முறை பிரித்தெடுப்பதை எங்கள் ஆய்வகத்திலேயே முடித்துக்கொண்டு போனேன். 10 சதவீத டிரைஃபுளோரோ அசிட்டிக் அமிலத்தில் ஊறவைத்து, சுழற்றி, மேலே தெளிந்த நீரை 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்தேன். வடிகட்டுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். மேட்ரிக்ஸ் கரைசல் ஸ்போரைக் கொன்றுவிடும் என்று நம்ப முடியாது, கருவியில் சாம்பிள் வைக்கும் பிளேட்டில் மற்றவர்களும் கை வைப்பார்கள். அமிலமும் தோலைப் பொசுக்கும். ஃப்யூம் ஹூட்டுக்கு வெளியே திறக்காதீர்கள்.

இந்த முறை ஸ்பெக்ட்ரத்தில் 6,000-க்கும் 10,000 டால்டனுக்கும் (புரத நிறையின் அலகு) நடுவில் பீக்குகள் கூர்மையாக எழுந்தன. 6,712-ஐ ஒட்டி செரியஸுக்கு எதிர்பார்த்த சாஸ்ப் பீக்! அதைப் பார்த்ததும்தான் மூச்சு வந்தது. ஆந்த்ராக்ஸ் கிருமியில் இதே புரதம் 6,679-இல் வரும். வித்தியாசம் வெறும் 33 டால்டன் என்பதால், யுபிக்விட்டின் (8,565) மாதிரி பக்கத்து நிறையுள்ள புரதத்தை வைத்து கருவியின் அளவைச் சரிபார்த்துத் திருத்தாமல் எதையும் நம்பாதீர்கள். நெருங்கிய உறவுள்ள சில செரியஸ் வகைகளும் 6,679-ஐக் காட்டும். அந்த ஒரு பீக்கை மட்டும் பார்த்து முடிவு கட்டவும் கூடாது.

அப்புறம், நல்ல ஸ்கோர் வந்தாலும் ஒருமுறை சந்தேகப்படுங்கள். கழுவியும் போகாத செல்கள் கொஞ்சம் இருந்தாலே அவற்றின் ரைபோசோம் பீக்குகள் மேலே வந்துவிடும். அது ஸ்போரின் ஸ்பெக்ட்ரம் ஆகாது. சத்துள்ள ஊடகத்தில் வெதுவெதுப்பாக வைத்தாலும் ஆபத்துதான். ஸ்போர் முளைக்கத் தொடங்கியதும் அதன் நொதியே சாஸ்பைச் சிதைத்துவிடும்.

ரிப்போர்ட்டோடு ரா டேட்டா ஃபைலையும் கேட்டு வாங்குங்கள். தர யோசித்தார்கள், நான் விடவில்லை. பீக்குகளை நாமே பார்க்க அது ஒன்றுதான் வழி.