தையலை வெளியே கொடுப்பதா?

ஆம்பூரில் உள்ள எங்கள் சிறு பட்டறையில், காலணியின் அப்பரை, அதாவது பாதத்தை மூடும் மேற்பகுதியை, தைக்கும் வேலையை ஜாப் ஒர்க்காக (நம் பொருளை அனுப்பிக் கூலிக்குச் செய்து வாங்குவது) வெளியே கொடுத்துவிடலாமா என்ற கேள்வி மூன்று மாதங்களாக என்னை அரித்துக்கொண்டிருந்தது. கூலி, வைப்பு நிதி, மின்கட்டணம் எல்லாவற்றையும் ஜோடிக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால், வெளியே கொடுப்பதே மலிவு.

சோதனைக்காகப் பேரணாம்பட்டுக்கு 200 ஜோடிகளுக்கான துண்டுகளை அனுப்பினோம். திரும்பி வந்ததில் ஒன்றை விரலால் இழுத்துப் பார்த்தேன்; வலது காலுக்கு விறைப்பான முதுகுத் தோலும் இடது காலுக்கு நெகிழும் வயிற்றுத் தோலும் சேர்ந்திருந்தன. நாங்கள் எண்ணிட்டு அனுப்பிய துண்டுகளை அங்கே கலந்துவிட்டார்கள். எங்களிடம் இருபது ஆண்டுகளாகத் தைக்கும் அக்கா, தொட்டவுடனே அதை ஒதுக்கியிருப்பார். அந்தக் கைப்பழக்கத்துக்கு எந்தக் கணக்கேட்டிலும் பத்தி இல்லை.

சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 143-ஆம் பிரிவின்படி, வரி செலுத்தாமல் ஜாப் ஒர்க்குக்கு அனுப்பும் மூலப்பொருள் பொதுவாக ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும். தவறினால் வரிச்சுமை அனுப்பியவர் தலையில்தான் விழும். வேலை வெளியே போனாலும் பொறுப்பு போவதில்லை. தோல் கழிவால் பாழான பாலாற்றங்கரையில், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் கூறிய பிறகும் இதை நாம் மறக்கலாகாது.

ஆகவே தையல் இங்கேயே இருக்கும். பெட்டி மடிப்பதையும், ஆர்டர் குவியும் மாதங்களில் உள்துணி வெட்டுவதையும் மட்டும் வெளியே கொடுக்கிறோம். அக்காவிடம் நேற்றே சொல்லிவிட்டேன்.