மறுபடி போகும் வகுப்பு

ஜூன் 2, திங்கள்

தலைமையாசிரியர் வகுப்புக்குள் தலையைக் காட்டிவிட்டு வருவதை மேற்பார்வை என்று எப்படித்தான் பெயர் வைத்தார்களோ. ஜேசன் கிரிஸம், சூசன்னா லோப், பெஞ்சமின் மாஸ்டர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் அமெரிக்காவின் மயாமி-டேட் மாவட்டத்தில் ஏறக்குறைய 100 தலைமையாசிரியர்களின் முழு நாள் வேலையை மூன்று கல்வியாண்டுகளில் பதிவுசெய்தார்கள். முடிவு 2013-ல் வந்தது. கற்பித்தல் சார்ந்த வேலைக்குப் போன நேரம் மொத்தத்தில் எட்டில் ஒரு பங்குதான். அதிலும் அதிகம் போனது இந்த எட்டிப்பார்க்கும் சுற்றுக்கு. சுற்று அதிகமான இடங்களில், முக்கியமாக உயர்நிலைப் பள்ளிகளில், மாணவர் முன்னேற்றம் குறைவாக இருந்தது. ஆசிரியரோடு உட்கார்ந்து வழிகாட்டிய நேரம் கூடிய இடங்களில் முன்னேற்றமும் கூடியிருந்தது.

சுற்றுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பார்த்ததை வைத்துக்கொண்டு எதுவும் செய்யாத சுற்று, ஆசிரியருக்கு வேவு பார்ப்பதாகத்தான் தெரியும்.

ஜூன் 3, செவ்வாய்

நேற்று எழுதியது பாதிதான். எப்படிப் பார்ப்பது என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

கடைசி பெஞ்சில் உட்காரக் கூடாது. அங்கிருந்து ஆசிரியரின் முகமும் பிள்ளைகளின் முதுகும்தான் தெரியும். பக்கவாட்டில், முன்பக்கமாக, பிள்ளைகளின் முகம் தெரியும்படி உட்கார வேண்டும். 15 நிமிடம் போதும். பாடம் தொடங்கும் நிமிடத்திலேயே உள்ளே இருந்தால் நல்லது. முதல் ஐந்து நிமிடம் எங்கே போகிறது என்பது அப்போதுதான் புரியும்.

ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் படிவத்தைக் கையில் எடுக்க வேண்டாம். ஆசிரியர் கேட்கும் கேள்விகளை அவர் சொன்ன சொல்லிலேயே எழுத வேண்டும். பக்கத்தில் யார் பதில் சொன்னது. அதற்குப் பக்கத்தில் எத்தனை நொடி காத்திருந்தார். பக்கம் இப்படி நிறையும்:

"1/3 பெரிதா, 1/4 பெரிதா?" முதல் வரிசைப் பெண். 1 நொடி.
"ஏன்?" அதே பெண். 1 நொடி.
"எல்லாருக்கும் புரிஞ்சுதா?" கூட்டமாக, "புரிஞ்சுது".
"அப்ப 1/5?" முதல் வரிசைப் பையன். 1 நொடி.
"புரிஞ்சுதா?" கூட்டமாக.

"புரிஞ்சுதா" என்பது கேள்வியே இல்லை. புரியாத பிள்ளையும் அதற்கு ஆமாம் என்றுதான் சொல்லும். கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் அளந்துபார்த்தார்: கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் காத்திருப்பது சுமார் ஒரு நொடி. அதை மூன்று நொடியாக்கினால் பதில் நீளமாகிறது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் வாய் திறக்கிறார்கள். இரண்டே இரண்டு நொடிதான் கூடுதல்!

வெளியே வருவதற்கு முன் மூன்று நோட்டுகள் புரட்ட வேண்டும்: நன்றாகப் படிக்கும் பிள்ளை ஒன்று, நடுவில் ஒன்று, பின்தங்கியது ஒன்று. மூன்றிலும் கரும்பலகையில் இருந்த அதே வரிகள்தான் இருக்கின்றன என்றால், அன்று யோசித்தது ஆசிரியர் ஒருவர் மட்டும்.

ஜூன் 4, புதன்

என் மாற்றல் பற்றிய தகவல் இன்னும் வரவில்லை.

ஜூன் 5, வியாழன்

பார்த்த அன்றே பேசிவிட வேண்டும். தவறினால் மறுநாள் முதல் இடைவேளை. அதற்கு மேல் போனால் ஆசிரியர் தானாக ஒரு கதையைக் கட்டிக்கொள்வார், அது பெரும்பாலும் பயத்திலிருந்து கட்டிய கதையாகவே இருக்கும். அவர் இடத்துக்குப் போய்ப் பத்து நிமிடம் பேசினால் போதும். எழுதிய பக்கத்தை அவர் கையில் கொடுத்து, "இதில் உங்களுக்கு என்ன தெரிகிறது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஒரே வரிசைப் பிள்ளைகளே பதில் சொல்வதைப் பலர் தாமே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பிறகு ஒரே ஒரு விஷயம். அடுத்த வாரம் மூன்று நொடி காத்திருப்பது, அவ்வளவுதான். எழுத்து சரியில்லை, கரும்பலகை சரியில்லை, பின்வரிசை கவனிக்கவில்லை என்று ஐந்து குறை சொன்னால் ஐந்தும் காற்றோடு போகும். அந்த ஒன்றை அப்போதே, அங்கேயே இருவரும் ஒருமுறை செய்துபார்க்க வேண்டும்: கேள்வியைக் கேட்டு, மனசுக்குள் மூன்று எண்ணி, பிறகு பெயர் சொல்லிக் கூப்பிடுவது. பெயரை முதலில் சொன்னால் மற்ற பிள்ளைகள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

எழுந்திருப்பதற்கு முன் மறுபடி வரும் தேதியைச் சொல்லியாக வேண்டும். ஏழு முதல் பத்து நாளுக்குள், அதே வகுப்பு, அதே பாடவேளை. சொன்ன நாளில் போகாவிட்டால் முதல் தடவை போனதும் வீண்.

ஜூன் 6, வெள்ளி

போவதாகச் சொன்ன நாளில் ஏன் போக முடிவதில்லை? காலையில் யாரோ பெற்றோர், பத்து மணிக்கு ஒரு தொலைபேசி, அனுப்பியே ஆக வேண்டிய ஒரு படிவம். எல்லாம் நியாயமான காரணங்கள், அதனால்தான் ஆபத்து.

ஒரு வழி இருக்கிறது. வாரத்தில் நான்கு பாடவேளைகளைத் தலைமையாசிரியரின் கால அட்டவணையிலேயே வகுப்பாகக் குறித்துவிடுவது. பாடம் எடுத்துக்கொண்டிருக்கும் ஆசிரியரை இழுத்துவந்து பெற்றோரைப் பார்க்கச் சொல்ல மாட்டோம் அல்லவா? அதே மரியாதை இந்த நான்குக்கும். அலுவலகத்தில் இருப்பவரிடம் தெளிவாகச் சொல்லிவைக்க வேண்டும்: பிள்ளைக்கு அடிபட்டால், பாதுகாப்புப் பிரச்சினை என்றால் மட்டும் கூப்பிடவும். மற்றவர்களிடம், "பதினொன்றரைக்குப் பார்ப்பார், உட்காருங்கள்." நேரத்தைச் சொல்லிவிட்டால் பெரும்பாலோர் காத்திருக்கிறார்கள். "வகுப்பில் இருக்கிறார், தெரியவில்லை" என்றால்தான் சண்டை.

ஜூன் 9, திங்கள்

வருகைப் பதிவேடு. இதில் ஏமாறுவது மிக எளிது.

500 பிள்ளைகள், 200 நாள், சராசரி வருகை 95 சதவீதம். கேட்க அழகாக இருக்கிறது. மொத்தம் விடுபட்டது 5,000 நாள். 400 பேர் ஆளுக்கு ஐந்து நாள் வரவில்லை என்றால் அது 2,000. மீதி 3,000 நாளும் 100 பேர் தலையில். ஆளுக்கு 30 நாள்! ஐந்தில் ஒரு பிள்ளை ஒன்றரை மாதப் படிப்பை இழந்திருக்கிறது, அறிக்கையில் 95 என்று பளபளக்கிறது.

சராசரியைப் பார்க்காமல் பெயரைப் பார்க்க வேண்டும். பத்தில் ஒரு நாள் வராமல் இருப்பது எச்சரிக்கைக் கோடு. ஆண்டு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். 20 வேலைநாள் முடிந்ததும் இரண்டு நாளோ அதற்கு மேலோ வராதவர்களின் பட்டியல் மேசைக்கு வரட்டும். ஒவ்வொரு பெயருக்கும் பேசப்போகும் ஆள் ஒருவர், அந்தப் பிள்ளைக்குப் பிடித்தவராக இருந்தால் நல்லது. "ஏன் வரலை?" என்று தொடங்கினால் சாக்குதான் கிடைக்கும். "நீ இல்லாம நேத்து குழு வேலை நின்னுபோச்சு" என்று தொடங்கினால் பிள்ளை பேசும்.

இரண்டு வாரம் கழித்து அதே பெயர்களை மறுபடி பார்க்க வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

நாளுக்குப் பத்து நிமிடம் தாமதம். 200 நாளில் 2,000 நிமிடம். 40 நிமிடப் பாடவேளை என்றால் 50 வகுப்பு. பாடவேளை நடுவில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு செய்கிறவர்களுக்கு இதை யாராவது சொல்லுங்கள்.

ஜூன் 12, வியாழன்

தூக்கமில்லை. விவியன் ராபின்சனும் உடன் ஆய்வாளர்களும் 2008-ல் தொகுத்த எண்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பள்ளித் தலைவர் செய்யும் வேலைகளை ஐந்தாகப் பிரித்து, பிள்ளைகளின் கற்றலில் ஒவ்வொன்றுக்கும் இருக்கும் விளைவைக் கணக்கிட்டார்கள்; எண் பெரிதென்றால் விளைவும் பெரிது. ஆசிரியர்களின் கற்றலை ஊக்குவித்துத் தாமும் அதில் பங்கெடுப்பது 0.84. இலக்கு வைப்பது 0.42, பாடத்தைத் திட்டமிட்டு மதிப்பிடுவது 0.42. வளங்களைச் சரியாகச் செலவிடுவது 0.31. ஒழுங்கான சூழல் 0.27.

இந்த ஒப்பீட்டுக்குப் பயன்பட்டவை 12 ஆய்வுகளே, அதனால் எண்களை வேதவாக்காக எடுக்கத் தேவையில்லை. ஒழுங்கு கடைசியில் வந்ததால் அது வேண்டாம் என்றும் ஆகாது. சத்தம் அடங்காத பள்ளியில் எதுவுமே நடக்காது. ஆனால் தாமும் பங்கெடுப்பது என்ற அந்த இரண்டு சொல்தான் மனசை விட்டுப் போகவில்லை. பயிற்சியைத் தொடங்கிவைத்துவிட்டு அறைக்குத் திரும்பும் தலைமையாசிரியரை எல்லா ஆசிரியர்களும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஸ்டாஃப் மீட்டிங் 60 நிமிடம் என்றால் அறிவிப்புகள் எல்லாம் ஒரு தாளில், முந்தைய நாளே. மீட்டிங்கில் 40 நிமிடம் பிள்ளைகள் எழுதிய விடைத்தாள்கள். ஒரே கேள்வி, 12 தாள். முதலில் சரியான விடை எப்படி இருக்க வேண்டும் என்று எல்லோரும் எழுதிப் பார்க்க வேண்டும், தலைமையாசிரியரும் சேர்த்து. பிறகு தவறுகளை வகைபிரிக்க வேண்டும். "கவனக்குறைவு" என்ற வகைக்கு அனுமதி கிடையாது. அது காரணத்தைத் தேடாமல் இருக்கச் சொல்லும் சாக்கு.

ஜூன் 13, வெள்ளி

தகவல் இல்லை.

ஜூன் 16, திங்கள்

குறிப்பேட்டை யார் பார்ப்பார்கள்? இதை முதல் வாரத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். வழிகாட்ட எழுதும் பக்கம் வேறு, மதிப்பீட்டுக் கோப்பு வேறு. முதலாவது ஆசிரியரிடமே போக வேண்டும், நகல் எடுக்கக் கூடாது. அதில் ஒரு வரி ஒரே ஒருமுறை ஸ்டாஃப் ரூமில் கசிந்தால் போதும், அப்புறம் வருஷம் முழுக்க அழகுபடுத்திய வகுப்புதான் கண்ணில் படும்.

சிகாகோ பள்ளிகளை வைத்து அந்தோனி பிரைக்கும் பார்பரா ஷ்னைடரும் 2002-ல் பள்ளியில் ஒருவர்மேல் ஒருவர் வைக்கும் நம்பிக்கையை நான்காகப் பிரித்தார்கள்: மரியாதை, திறமை, தனிப்பட்ட அக்கறை, நேர்மை. பலரும் மறப்பது திறமையை. இனிமையாகப் பேசும் தலைமையாசிரியர் பதிலி வகுப்புப் பட்டியலைக் காலையில் சரியாகப் போடத் தெரியாதவராக இருந்தால், நம்பிக்கை அங்கேயே உதிரும். மாதக்கணக்கில் பாடமே எடுக்காத ஒருவரைக் கண்டும் காணாமல் விட்டாலும் அப்படித்தான். பக்கத்து வகுப்பில் உழைப்பவர் அதைத் தினமும் பார்க்கிறார்.

ஜூன் 18, புதன்

அடுத்து வரும் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட்டுப் போக ஒரே ஒரு தாள். யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறது, எந்தத் தேதிக்குள். கற்பிப்பவர்களில் யார் இப்போது எதை முயன்றுகொண்டிருக்கிறார். எந்த வகுப்புக்கு எப்போது மறுபடி போக வேண்டும். சாவிகளும் கோப்புகளும் எப்படியும் கைமாறும், இவை மாறுவதில்லை. புதியவர் வந்ததும் எல்லாம் முதலிலிருந்து. மூன்று நொடி காத்திருக்கப் பழகிக்கொண்டிருந்த ஆசிரியர் தனியாக விடப்படுவார்.

ஜூன் 19, வியாழன்

மறுபடி போக வேண்டியவை: 6அ, கணக்கு, 23-ம் தேதி. 8ஆ, அறிவியல், 24. 9அ, மூன்றாம் பாடவேளை, 26. அந்த முதல் வரிசைப் பெண் இல்லாத வரிசையிலிருந்து யார் பதில் சொல்கிறார்கள் என்று எண்ண வேண்டும்.