அப்பாவின் மூன்று பல் செட்டுகள்

அலமாரியின் மேல்தட்டில், மருந்துச் சீட்டுகளுக்குப் பக்கத்தில், அப்பாவின் பல் செட்டுகள் மூன்று டப்பாக்களில் இருக்கின்றன. முதல் செட் 2012இல் கட்டியது. அதைப் போட்டுக்கொண்டு ஆறேழு வருஷம் சீடைகூடக் கடித்தார். மற்ற இரண்டும் பார்க்கின்சன் என்கிற நடுக்க நோய் வந்த பிறகு கட்டியவை. இரண்டிலுமே கீழ் செட் இரண்டாவது கவளத்தில் சோற்றோடு சோறாகத் தட்டில் வந்து விழும். அப்பா அதை எடுத்து டம்ளரில் போட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் கை கழுவப் போய்விடுவார்.

"பழகப் பழகச் சரியாயிடும்மா" என்றார் பல் டாக்டர். நரம்பு டாக்டர் கையை நீட்டச் சொல்வார், விரலைத் தட்டச் சொல்வார், நடக்கச் சொல்வார். நான்கு வருஷத்தில் ஒரு தடவைகூட வாயைத் திறக்கச் சொன்னதில்லை.

எனக்கும் இது பல் விவகாரமாகத்தான் பட்டது. அப்புறம் ஒருநாள் அப்பாயி ஞாபகம் வந்தது. எண்பத்துச் சொச்சம் வயதுவரை இருந்தவர். வாயில் ஒரு பல் கிடையாது, செட்டும் கிடையாது. வெற்றிலை பாக்குக்கு மட்டும் ஒரு குட்டி இரும்பு உரல். மற்றபடி முறுக்கு கிடைத்தால் கன்னத்தில் ஒதுக்கி ஊறவிட்டு, நாக்கால் புரட்டி, அண்ணத்தில் வைத்து நசுக்கி, ருசித்து முழுங்குவார். பேசினால் தெருமுனைவரை கேட்கும். பல்லுப் போனா சொல்லுப் போச்சு என்பார்கள். அப்பாயிக்குப் பல் போயும் சொல் போகவில்லை, நாக்கு அவர் சொன்னபடி கேட்டது. அப்பாவுக்குக் கேட்கவில்லை.

உற்றுப் பார்த்தால் தெரியும். கவளம் உள்ளே போனதும் நாக்கு அதைத் தொண்டைக்குத் தள்ளாமல் முன்னும் பின்னுமாக ஆட்டிக்கொண்டே இருக்கும். சாப்பிட்டு அரை மணி கழித்து டார்ச் அடித்தால் வலது கன்னத்துக்குள் பருப்பு சாதம் அப்படியே இருக்கும். எச்சில் வழிவதும் இதே கதைதான். அதிகமாக ஊறுகிறது என்றே நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். நாமெல்லாம் நினைக்காமலே எச்சிலை முழுங்கிக்கொண்டிருக்கிறோம். இந்த நோயில் அது குறைந்துபோகிறது. ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் லண்டனில் இந்த நோயை விவரித்து எழுதியபோதே, எச்சில் தொண்டைப் பக்கம் போகாமல் வாய்வழியே வழிவதையும் எழுதிவைத்திருக்கிறார். இருநூறு வருஷத்துச் சங்கதி, எனக்கு யாரும் சொல்லவில்லை.

கீழ் செட் ஏன் விழுகிறது என்பதும் பிறகுதான் புரிந்தது. மேல் செட் அண்ணம் முழுக்கப் பரவி, எச்சில் ஈரத்தில் ஒட்டி நின்றுவிடும். கீழே நாக்குக்கு இடம் விட வேண்டுமே. அதனால் லாடம் மாதிரி வளைந்து, மெலிந்த ஈறின்மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. உள்ளே நாக்கும் வெளியே கன்னமும் உதடும் அணைத்துப் பிடித்தால்தான் நிற்கும். போதாததற்கு, பல் போன பிறகு கீழ்த்தாடை எலும்பு மேல்தாடையைவிட வேகமாகத் தேய்கிறது. தேய்ந்த ஈறு, நடுங்கும் தாடை, தன் போக்கில் ஆடும் நாக்கு. இதில் எங்கே பழகுவது?

முடிச்சை அவிழ்த்தது ஒரு சின்னப் பெண். ஸ்பீச் தெரபிஸ்ட். பேச்சு குழறுகிறது என்று அழைத்துப்போனால், அவள் முதலில் கேட்டது, "சார் மாத்திரை எத்தனை மணிக்குப் போடறார், சாப்பாடு எத்தனை மணிக்கு?" இரண்டும் ஒரு மணிக்கு. மாத்திரை வேலை செய்யத் தொடங்கும்போது தட்டைக் கழுவிக்கொண்டிருப்போம். அதோடு அந்த லெவோடோபா மாத்திரையுடன் பருப்பு, முட்டை என்று புரதம் சேர்ந்தால் மருந்து உடம்பில் ஏறுவதும் தடைப்படும். "பல் செட்டுக்கு அளவெடுத்தது எப்போ?" இரண்டு முறையும் சாயங்காலம், பஸ்ஸில் அலைந்து களைத்து, அடுத்த மாத்திரைக்குக் காத்திருந்த நேரம். தாடை தந்தியடித்துக்கொண்டிருந்தபோது கடித்துக் காட்டிய கடியை வைத்துத்தான் செட் கட்டியிருக்கிறார்கள்.

பிறகு ப-ப-ப, த-த-த, க-க-க என்று வேகமாகச் சொல்லச் சொன்னாள். போனில் ஐந்து செகண்ட் ஓடவிட்டு எண்ணினாள். ப 21, த 16, க 14. ஜப்பானில் 2018 முதல் வாயின் இந்தத் தளர்ச்சியையே ஒரு நோயாகக் காப்பீட்டில் சேர்த்திருக்கிறார்கள். அங்கே செகண்டுக்கு ஆறுக்குக் குறைந்தால் குறைபாடு என்று கணக்கு. நாக்கு அண்ணத்தை எவ்வளவு அழுத்துகிறது என்றுகூட அளக்கிறார்களாம்.

அப்பா தமிழ் வாத்தியார். எந்த எழுத்து வாயில் எங்கே பிறக்கிறது என்று சொல்லும் தொல்காப்பியப் பிறப்பியலை, முப்பது வருஷம் ஒன்பதாம் வகுப்புப் பையன்களுக்கு அவர்கள் கேட்காமலே பாடம் எடுத்தவர். இந்த ப, த, க அவரைக் கிளப்பிவிட்டது. "பகாரம் உதட்டுல. தகாரம் பல்லோட அடியில நுனிநாக்கு. ககாரம் அடிநாக்கு. வகாரம் கேளும்மா. பல்லும் உதடும் சேரணும். என்கிட்ட ஒண்ணுதான் இருக்கு." அவளுக்குப் புரியவில்லை, எழுதிக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அவள் போட்ட தடைகளில் அப்பாவை நோகடித்தது ரசம் சாதம். பல் இல்லாதவர்களுக்கு அதைவிட எளிது ஏது என்று இருந்தேன். "ரசம் முன்னாடி ஓடிரும்க்கா, சோறு வாயிலயே நிக்கும்." ஓடும் ரசம், தொண்டை தயாராகும் முன்னால் மூச்சுக்குழாய்க்குள் போகலாம், இருமல் வந்தே தீரும் என்றும் இல்லை. இப்போது சோற்றைக் கூழாகக் கடைந்து, ரசத்தை அதில் இறுகப் பிசைந்து, அரை ஸ்பூன் வீதம், முகவாயை நெஞ்சுப் பக்கம் சற்றுத் தாழ்த்தி. "இது ரசமே இல்ல" என்கிறார். சரிதான், இல்லைதான்.

ராத்திரி செட் வாயில் இருக்கக் கூடாது. கழற்றித் துலக்கிப் பச்சைத் தண்ணீரில் போட்டுவைக்கிறேன் (வெந்நீரில் ஒருமுறை போட்டு இரண்டாவது செட்டை வளைத்தது நான்தான்). ஈறு, அண்ணம், நாக்கை ஈரத் துணியால் துடைத்துவிடுகிறேன். ஜப்பானிய முதியோர் இல்லங்களில் செய்து 1999இல் வெளிவந்த ஆய்வில், சாப்பாட்டுக்குப் பின் வாயைச் சுத்தம் செய்துவிட்டவர்களுக்கு நிமோனியா குறைந்திருக்கிறது, பல்லே இல்லாதவர்களுக்கும் கூட. அப்பா பாதியில் என் விரலைக் கடிப்பார். வலிக்காது என்று அவருக்கும் தெரியும்.

மாத்திரை இப்போது பன்னிரண்டே காலுக்கு, சாப்பாடு ஒரு மணிக்கு. மூன்றாவது செட்டை வேறொரு பல் டாக்டரிடம் காலை பதினோரு மணிக்கு, மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கொண்டுபோய்ச் சரிசெய்தோம். ஆனாலும் தினமும் மேல் செட்டை மட்டும்தான் மாட்டுகிறார், பேப்பரைச் சத்தமாகப் படிக்க. கீழ் செட் டம்ளரிலேயே கிடக்கிறது.

போன ஞாயிறு தயிர் வடை கேட்டார். கீழ் செட்டையும் தானே மாட்டிக்கொண்டார். அரை வடைக்கு இருபத்தைந்து நிமிஷம். செட் விழவில்லை. மீதியை என் பக்கம் தள்ளி, "வடையில உப்பு கம்மி" என்றார். வகாரம் சுத்தமாக வந்தது.