ஏ4 தாளை எடுத்துக்கொண்டு மொனிட்டர் வாங்கப் போன கதை

ஹட்டனில் வீட்டு முன்னறையில் இருந்தபடி மொழிபெயர்ப்பும் வினாத்தாள் தட்டச்சும் செய்துதான் என் பிழைப்பு ஓடுகிறது. போன வருடம் வரை என்னிடம் இருந்தது 1366×768 படப்புள்ளிகள் (பிக்சல்கள்) கொண்ட பழைய 18.5 அங்குல மொனிட்டர். ஒரு பக்கத்தை முழுதாகப் பார்க்கும் அளவுக்குச் சுருக்கினால் மெய்யெழுத்துகளின் தலையில் உள்ள புள்ளி காணாமல் போய்விடும். அப்படித்தான் ஒரு கடிதத்தில் ‘பல் வைத்தியர்’, ‘பல வைத்தியர்’ ஆகி என் கையை விட்டுப் போனார்.

புதிதாக வாங்குவதென்று முடிவானதும் எல்லோரும் 27 அங்குலம் என்றார்கள். அந்த அளவில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் 1920×1080தான். அதே படப்புள்ளிகளை 24 அங்குலத் திரையில் அடுக்கினால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 92 புள்ளிகள் வரும். 27 அங்குலத்தில் அது 82 ஆகக் குறைந்து, எழுத்தின் கூர்மையும் குறைந்துவிடும். படம் பார்ப்பவருக்கு இது பொருட்டில்லை. ‘ண’, ‘ஞ’ போன்ற சுழி எழுத்துகளை நாள் முழுக்க மெய்ப்புப் பார்ப்பவருக்கோ பெரிய திரை கண்ணுக்குப் பெரிய வேலையாகிவிடும். 2560×1440 என்றால் 27 அங்குலத்திலும் 109 கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதன் விலையைக் கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன்.

என் வேலை ஏ4 தாளில் நடப்பது. அதன் உயரம் 297 மில்லிமீற்றர். அகலத்துக்கும் உயரத்துக்கும் 16:9 விகிதம் உள்ள 23.8 அங்குல அகலத்திரையின் உயரம் 296 மில்லிமீற்றர்; அதாவது, கருவிப்பட்டைகளுக்கு இடம் விடாமலேயே பக்கம் திரையை விட ஒரு நூல் நீளமாக நிற்கும். 1920×1200 புள்ளிகள் கொண்ட, 16:10 விகிதத்திலான 24 அங்குலத் திரையின் உயரமோ 323 மில்லிமீற்றர். கடையில் நான் ஒரு வெற்று ஏ4 தாளைத் திரைமேல் வைத்துப் பார்த்தபோது அங்கிருந்த தம்பி, “அக்கா, இதுக்கு மேலயும் இடம் மிச்சம் இருக்குதே” என்று சிரித்தார். அந்த மிச்சத்தைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். அகலத்தில் இரண்டு பக்கங்கள் அசல் அளவில் அருகருகே நிற்கும் என்பதால் ஒன்றில் சிங்கள மூலத்தையும் மற்றதில் தமிழையும் வைத்துக்கொள்ளலாம்.

இந்த வடிவத்தில் புதியது வாங்க வசதியில்லை. ஆகவே அலுவலகங்களில் பாவித்துக் கழித்தவற்றைப் பார்க்கக் கொழும்புக்குப் போய், பம்பலப்பிட்டியில் ஐ.பி.எஸ். வகை ஒன்றைத் தெரிவு செய்தேன். பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாதது அந்த வகை. பென் டிரைவில் வெள்ளைப் படம், கறுப்புப் படம், சிறிய எழுத்தில் ஒரு தமிழ்ப் பக்கம் என மூன்று கோப்புகளைக் கொண்டு போயிருந்தேன். வெள்ளையில் மூலைகள் மஞ்சளித்திருந்த ஒன்றையும், கறுப்பில் ஒரு புள்ளி சிவப்பாகவே எரிந்துகொண்டிருந்த இன்னொன்றையும் அவை காட்டிக்கொடுத்தன. கடை வெளிச்சத்தில் எல்லாத் திரையும் அழகுதான்.

இணைப்பில் மட்டும் ஏமாந்தேன். மொனிட்டர் கேபிளைச் செருகும் வாய்களில் என் கணனியில் பழைய வகையான வி.ஜி.ஏ.யும் டிஸ்பிளேபோர்ட்டும் உண்டு, எச்.டி.எம்.ஐ. இல்லை. மொனிட்டரில் டிஸ்பிளேபோர்ட் இருக்கிறதா என்று பார்க்காமலே முன்கூட்டி நகரத்துக் கடையொன்றில் ஒரு மாற்றியை (அடாப்டர்) வாங்கி வைத்திருந்தேன். அது எச்.டி.எம்.ஐ.யிலிருந்து டிஸ்பிளேபோர்ட்டுக்குப் போவது. எனக்கு வேண்டியதோ எதிர்த்திசை. இவை ஒருவழிப் பாதைகள் என்பதை விற்றவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நல்லவேளையாக வாங்கிய மொனிட்டரில் டிஸ்பிளேபோர்ட் இருந்தது. நேரடியாக ஒரே கேபிளில் வேலை முடிந்தது. வி.ஜி.ஏ.யிலும் படம் வரும், ஆனால் எழுத்தின் ஓரங்கள் மெல்ல மங்கும். கூர்மைக்காகவே திரையை மாற்றியவருக்கு அது வீண்செலவு.

இப்போது மெய்ப்புப் பார்க்கும்போது தாங்கியில் திரையைச் செங்குத்தாகத் திருப்பிவிடுகிறேன். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பிற்பகல் இடி முழங்கத் தொடங்கியதும் கணனியின் பிளக்கோடு மொனிட்டரின் பிளக்கையும் கழற்றிவிடுகிறேன். புதிதாக வந்த பழக்கங்கள் இவை இரண்டும்தான்.