செம்பருத்திச் சாறு நிறம் மாறி நிற்கிறதா?

பாலக்காடு மாவட்டம் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் வழியில் அமிலம், காரம் பாடம் எடுக்கும் டீச்சர்களே, அமிலமா காரமா என்று நிறம் மாறிக் காட்டும் செம்பருத்திச் சாற்றுக்கு போர் தண்ணீர் வேண்டாம். நம்ம ஊர்த் தண்ணீர் கடின நீர். அதிலுள்ள பைகார்பனேட் லேசான காரம். சோதனைப் பொருளை விடும் முன்பே சாறு நீலம் தட்டிப்போகும், பிள்ளைகள் குழம்புவார்கள். பிடித்து வைத்த மழைத் தண்ணீர் அருமை. இல்லையென்றால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் (ஆசிட் அல்ல, பார்த்து வாங்குங்கள்).

ஒற்றை அடுக்குச் சிவப்புப் பூ பத்து. இதழை மட்டும் கிள்ளி, 100 மில்லி சுடுதண்ணீரில் 15 நிமிடம் ஊறவைத்து வடிகட்டுங்கள். அடுப்பில் வைத்துக் கொதிக்க விட்டால் நிறம் மங்கும். எலுமிச்சைச் சாற்றில் அடர் இளஞ்சிவப்பு, சுண்ணாம்புத் தெளிநீரில் பச்சை. அன்றன்றைக்கே செய்யுங்கள், வைத்திருந்தால் கெட்டுவிடும்.

மஞ்சள்தூள் தடவிய தாளில் காரத்தைக் காட்டச் சமையல் சோடாவை நம்பாதீர்கள். அதன் பிஎச் (அமில, கார அளவு; 7 நடுநிலை) 8-ஐ ஒட்டியது, மஞ்சள் அந்த இடத்தில்தான் மாறவே தொடங்கும். துணி சோப்புக் கரைசலில் பளிச்சென்று சிவக்கும். எலுமிச்சையில் மஞ்சள் அப்படியே இருக்கும். “மாற்றமில்லை” என்பதையும் அட்டவணையில் எழுதச் சொல்லுங்கள், பலர் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுகிறார்கள்.

சுண்ணாம்புத் தெளிநீரை மட்டும் டீச்சரே சொட்டு விடுங்கள். கண்ணில் பட்டால் ஆபத்து.