பத்தாவது ஆள்

அக்டோபர் 29, 2025, புதன்

கோவைப் பட்டறைகளுக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு), பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்கு பார்ப்பது என் வேலை. சத் பூஜை முடிந்தும் பீகார் பையன்கள் இரண்டு பேரும் திரும்பவில்லை. கணபதிப் பகுதியில் உள்ள பட்டறையில் தகடு அடிக்கும் பிரஸ் ஒன்று சும்மா நிற்கிறது. திங்கட்கிழமையே, ஆள் பிடித்துத் தரும் மேஸ்திரி ஒரு பையனைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார். ஜார்க்கண்ட், 25 வயது, மாதம் 16,500 கணக்கில் வாரச் சம்பளம். ஆதார் நகல் இல்லை, நோட்டில் பெயரும் இல்லை.

அக்டோபர் 31

தலை எண்ணுவதில்தான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள். லேத்தில் மூன்று, பிரஸ்ஸில் மூன்று, பேக்கிங் அக்கா ஒருவர், ராத்திரி வாட்ச்மேன், காலையில் இரண்டு மணி நேரம் கூட்டிப் பெருக்க வரும் அம்மா. ஒன்பது. "வாட்ச்மேன் எப்படிங்க கணக்குல வருவார், அவர் மெஷினே தொடறதில்லையே?" வருவார். பெருக்குகிறவரும் வருவார். சம்பளம் வாங்கினால் மச்சானும் வருவார். லீவில் ஊருக்குப் போனவரும் கணக்கில்தான் இருக்கிறார், நின்றுவிட்டார் என்று எழுத்தில் முடிக்காதவரை. முதலாளி மட்டும் கிடையாது.

மேஸ்திரி ஆள் என்பதால் அது மேஸ்திரியின் பாடு என்று நினைப்பது இன்னொரு தப்பு. பட்டறைக்குள், பட்டறை வேலையை, பட்டறைக்காரர் கண்காணிப்பில் செய்கிறவருக்கு இ.எஸ்.ஐ. சட்டத்தில் முதன்மை முதலாளி பட்டறைக்காரர்தான். கட்டியதை மேஸ்திரி பில்லில் கழித்துக்கொள்ளலாம். பொறுப்பைக் கழிக்க முடியாது.

திங்கட்கிழமையிலிருந்து அங்கே பத்து பேர். பத்து ஆனால் இ.எஸ்.ஐ. கட்டாயம்.

நவம்பர் 1

பி.எஃப். விடுபட்ட ஆட்களைச் சேர்க்க இன்று முதல் ஏப்ரல் 30 வரை அவகாசம். 2017 ஜூலை 1 முதல் 2025 அக்டோபர் 31 வரை சேர்ந்து, இப்போதும் வேலையில் இருப்பவர்களுக்கு. ஆளிடம் பிடிக்காமல் விட்ட 12 சதவீதம் தள்ளுபடி, முதலாளி பங்கை வட்டியோடு கட்ட வேண்டும், அபராதம் மொத்தமாக 100 ரூபாய். இருபதில் பி.எஃப். வந்துவிடும் என்று வருடக்கணக்காக 19 ஆள் காட்டிவந்தவர்களுக்கு இதைவிட நல்ல கதவு திறக்காது. எல்லாருக்கும் தகவல் அனுப்பியாயிற்று. பதில் போட்டவர் ஒருவர்.

நவம்பர் 4, செவ்வாய்

கணபதி. 20 டன் பிரஸ். அந்தப் பையன். இடது ஆள்காட்டி விரல், இரண்டு கணு.

நவம்பர் 4, இரவு

இரண்டு கைப் பொத்தானில் வலது பொத்தான்மேல் இன்சுலேஷன் டேப் சுற்றி அழுத்தி வைத்திருக்கிறது. ஒரு கையால் தகட்டைத் தள்ளிக்கொண்டே இன்னொரு கையால் அடித்தால் மணிக்கு உருப்படி கூடும், அதற்காக. பேனலில் சரியான ரிலே (இரண்டு பொத்தானையும் கண்காணிக்கும் சுவிட்ச்) இருந்தால் டேப் ஒட்டினாலும் மெஷின் இறங்காது. இரண்டு பொத்தானையும் அரை நொடிக்குள் சேர்த்து அமுக்க வேண்டும், ஒவ்வோர் அடிக்கும் இரண்டையும் விட்டுவிட்டு அமுக்க வேண்டும். இங்கே இரண்டு பொத்தானையும் வரிசையாக ஒயரில் கோத்து விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அப்படி இருந்தால் ஒன்றைக் கட்டிவிட்டு மற்றதால் நாள் முழுக்க அடிக்கலாம்.

துண்டான விரலை நேரடியாக ஐஸ்கட்டிக்குள் போட்டு எடுத்துப் போயிருக்கிறார்கள். அது சதையைக் கெடுக்கும். சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரைத்தான் ஐஸ் மேல் வைக்க வேண்டும். எல்லாப் பட்டறையின் முதலுதவிப் பெட்டி மூடியிலும் இதை ஒட்ட வேண்டும். தமிழில் மட்டும் போதாது, இந்தியிலும்.

ஒட்டவைக்க முடியவில்லை.

நவம்பர் 5

கணக்குப் போட்டுப் பார்த்தது.

பட்டறை இ.எஸ்.ஐ.க்குள் இல்லை என்று வைத்துக்கொண்டால், 1923-ஆம் வருட ஊழியர் இழப்பீட்டுச் சட்டம். ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போனால் சம்பாதிக்கும் திறனில் 11 சதவீதம் இழப்பு என்று அட்டவணையிலேயே இருக்கிறது. சம்பளம் 16,500 ஆனாலும் உச்சவரம்பு 15,000. அதில் 60 சதவீதம் 9,000. 25 வயதுக்கான காரணி 216.91. பெருக்கினால் 19,52,190. அதில் 11 சதவீதம் 2,14,741 ரூபாய். ஆஸ்பத்திரிச் செலவு தனி. வேலைக்கு வர முடியாத நாட்களுக்குப் பாதி மாதத்துக்கு ஒருமுறை, சம்பளத்தில் 25 சதவீதம். ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 சதவீத வட்டி, அதற்குமேல் பாதித் தொகைவரை அபராதம்.

பட்டறை இ.எஸ்.ஐ.க்குள் இருந்தால்: அந்தப் பையனுக்கு முதலாளி பங்கு 3.25 சதவீதம், மாதம் 537 ரூபாய். பையன் பங்கு 0.75 சதவீதம், 124 ரூபாய். வைத்தியம் முழுக்க இ.எஸ்.ஐ. பொறுப்பு. வேலைக்கு வராத நாட்களுக்குத் தினசரிச் சம்பளத்தில் 90 சதவீதம் அவர்களே தருவார்கள். நிரந்தர ஊனத்துக்கு மருத்துவக் குழு எடைபோட்டு வாழ்நாள் உதவி. சாதாரண நோய்க்குத்தான் 78 நாள் சந்தா வேண்டும். வேலை விபத்துக்கு முதல் நாளே போதும்.

விபத்துத் தகவல் கடிதம் அடித்தாயிற்று. நேரம், மெஷின், சாட்சி இருவர் பெயர், எந்த விரல், எந்த ஆஸ்பத்திரி. பட்டறைக்கு இ.எஸ்.ஐ. கோடு எண் இன்னும் இல்லாவிட்டாலும் எழுத்தில் கிளை அலுவலகத்துக்குப் போய்விட வேண்டும். உடனே. முதலாளி கையெழுத்துப் போடவில்லை.

நவம்பர் 6

ஆதார் கிடைத்தது. பிறந்த தேதி ஜனவரி 1, 2000.

நவம்பர் 7

முதலாளி: "யோசிச்சுச் சொல்றனுங்க."

நவம்பர் 8, சனி

என்ன யோசிக்கிறார் என்று புரிகிறது. ஒருமுறை பத்து ஆகிவிட்டால் பிறகு எட்டுக்கு இறங்கினாலும் இ.எஸ்.ஐ. விடாது. கிராஜுவிட்டியும் (பணிக்கொடை) அப்படியே. பெண்களுக்கான உள் புகார்க் குழுவும் பத்து பேரில் அமைக்க வேண்டும். ஆனால் பி.எஃப். இருபதில்தான். எல்லாம் ஒன்றாக வந்து தலையில் விழும் என்ற பயம் தேவையில்லாதது. பத்துக்கு என்ன, இருபதுக்கு என்ன என்று ஒரு தாளில் பிரித்து எழுதிக் கொடுத்தாயிற்று.

இன்று மேஸ்திரி வந்து, பையனுக்கு 20,000 ரூபாய் கையில் கொடுத்து ஊருக்கு ரயிலேற்றிவிடலாம் என்றாராம். இதை எழுதும்போதே வயிறு எரிகிறது. அந்தக் கையை வைத்துக்கொண்டு அவன் இன்னும் நாற்பது வருடம் பிழைக்க வேண்டும். சட்டப்படியும் அது நிற்காது. காயம் பட்டவரோடு தனியாகப் போடும் ஒப்பந்தத்தால் இழப்பீட்டுப் பொறுப்பு தீராது. ஒப்பந்தத்தை இழப்பீட்டு ஆணையரிடம் பதியாவிட்டால் முழு இழப்பீட்டுக்கும் முதலாளிதான் பொறுப்பு.

நவம்பர் 10

இ.எஸ்.ஐ.யின் ஸ்ப்ரீ திட்டம் பற்றி யாரோ முதலாளிக்குச் சொல்லியிருக்கிறார்கள். டிசம்பர் 31 வரை தானாகப் பதிகிற நிறுவனத்திடம் பழைய சந்தாவும் கேட்பதில்லை, பழைய கணக்குகளையும் பார்ப்பதில்லை. நல்ல திட்டம், மற்றவர்களுக்கு நானே சொல்கிறேன். ஆனால் இங்கே அதில் நுழைந்தால் விபத்து வெளியே நின்றுவிடும். அதில் ஆள் பதிவாகும் நாளிலிருந்துதான் அவருக்குக் காப்பு. சில நூறு ரூபாய் பழைய சந்தாவை மிச்சம் பிடிக்கப் போய் 2,14,741 ரூபாயைத் தலையில் ஏற்றிக்கொள்வதா?

நாட்களை ஒழுங்காக எண்ணினால் போதும். பத்தாவது ஆள் வந்தது அக்டோபர் 27. சட்டம் பொருந்திய நாளிலிருந்து நிறுவனத்தைப் பதிய 15 நாள், அதாவது நவம்பர் 11. அக்டோபர் மாதச் சந்தா கட்டக் கடைசி நாள் நவம்பர் 15. விபத்து 4-ஆம் தேதி. அன்றைக்கு இவர் எந்தச் சந்தாவும் பாக்கி வைக்கவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதினால் இவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

செய்யக் கூடாதது ஒன்று: விபத்துக்கு முன்பே பதிந்தது போலத் தேதியை மாற்றுவது. இணையதளத்தில் பதிவான நேரம் அழியாது. ஆஸ்பத்திரிச் சீட்டில் இருக்கும் மணியோடு அதை ஒப்பிட்டால் ஒரு நிமிடத்தில் பொய் தெரிந்துவிடும். பிறகு உண்மையாகச் சொன்னவற்றையும் நம்பமாட்டார்கள்.

நாளைதான் 11.

நவம்பர் 11

மாலை ஆறே முக்கால். பதிந்தாயிற்று. பொருந்தும் தேதி 27-10-2025, ஆட்கள் பத்து. விபத்துக் கடிதமும் போயிற்று. தாமதத்துக்கான காரணம் இரண்டு வரியில், மழுப்பல் இல்லாமல்.

நவம்பர் 13

பத்து பேரையும் இ.எஸ்.ஐ. தளத்தில் ஏற்றியது. வாட்ச்மேனுக்கு ஆதாரில் ஒரு இனிஷியல், பேங்க் பாஸ்புக்கில் வேறு. ஏற்றும்போதே ஆதாரில் இருப்பதுபோல் போட்டுவிட வேண்டும், பிற்பாடு திருத்துவது பெரிய அலைச்சல். குடும்ப விவரத்தைப் பெரும்பாலும் காலியாக விடுகிறார்கள். பையனுக்கு அம்மா ஊரில் இருக்கிறார். போட்டாயிற்று.

நவம்பர் 15

சலான் கட்டியாயிற்று.

நவம்பர் 17

வேலைக் கடிதம். ஒரு பக்கம் போதும். பெயர், சேர்ந்த தேதி, வேலையின் பெயர், சம்பளம் எந்தெந்தத் தலைப்பில் எவ்வளவு, வேலை நேரம், வார விடுமுறை, நிற்பதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு. இரண்டு நகல், இரண்டிலும் இருவர் கையெழுத்து. தெரியாத மொழியில் கையெழுத்து வாங்கினால் படித்துச் சொன்னவர் பெயரையும் கையெழுத்தையும் கீழே வாங்க வேண்டும். கடிதம் கொடுத்தால் ஆள் நிரந்தரமாகிவிடுவான் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. கடிதம் இல்லாதபோது எத்தனை வருடம் வேலை செய்தான், என்ன சம்பளம் என்பதை மற்றவர்கள் சொல்வதுதான் சாட்சி. அது முதலாளிக்குச் சாதகமாக வந்து நான் பார்த்ததில்லை.

பீகார் பையன்கள் விஷயமும் இதோடு சேர்ந்தது. வராதவனை நோட்டில் அடித்துவிட்டால் வேலையை விட்டதாக ஆகாது. ஊர் முகவரிக்குக் கடிதம் போட வேண்டும்: இன்ன தேதியிலிருந்து வரவில்லை, இன்ன தேதிக்குள் வரவும், இல்லாவிட்டால் காரணம் எழுதவும். பதில் இல்லையென்றால் இன்னொன்று. பதிவுத் தபால் இப்போது விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டது, ரசீதையும் பட்டுவாடா விவரத்தையும் எடுத்து வைக்க வேண்டும். அதே செய்தியை வாட்ஸ்அப்பிலும். மூன்றாம் வாரம் வந்து நின்றால் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். ரயில் டிக்கெட் கிடைக்காதது குற்றமில்லை.

நவம்பர் 18

பையனுக்குத் தையல் பிரித்தார்கள். வரதராஜபுரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு மாற்றச் சீட்டு.

நவம்பர் 21, வெள்ளி

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் இன்று முதல் அமல். 29 பழைய சட்டங்கள் உள்ளே போயின. காலையிலிருந்து போன் ஓயவில்லை. எல்லாரும் கேட்பது ஒன்றே: "என்னங்க மாறுது?"

விதிகள் முழுதாக வரும்வரை பழைய விதிகள், புதியவற்றோடு மோதாத அளவுக்கு, ஓடும். ஆனால் சட்டத்திலேயே நேராக இருப்பதற்கு விதி வரக் காத்திருக்க வேண்டியதில்லை. வேலைக் கடிதம் இனி எல்லாருக்கும் கட்டாயம். ஆள் நின்றாலோ நிறுத்தினாலோ சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் முடிக்க வேண்டும். "அடுத்த மாசம் பத்தாந் தேதி வந்து வாங்கிக்கோ" இனி நடக்காது. குறிப்பிட்ட காலத்துக்கு எடுத்த ஆளுக்கு ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி. இ.எஸ்.ஐ.க்குப் பத்து அப்படியே இருக்கிறது. பத்துக்குக் கீழே இருப்பவர்கள் விரும்பினால் சேரலாம். அபாயகரமான தொழில் என்று அரசு அறிவிப்பதில் ஒரே ஆள் இருந்தாலும் உண்டு.

பையன் விபத்து நவம்பர் 4. அது பழைய சட்டத்தில்தான்.

நவம்பர் 24

சம்பளப் பிரிப்பு. வேறொரு பட்டறையில் ஒரு டர்னருக்கு (லேத் ஓட்டுபவர்) 24,000: அடிப்படை 8,000, வீட்டு வாடகை 10,000, போக்குவரத்து 6,000. புதிய வரையறையில் வாடகை, போக்குவரத்து போன்றவை ஊதியத்தில் சேராது. ஆனால் அவை மொத்தத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. இங்கே 16,000, பாதி 12,000. கூடுதலாக உள்ள 4,000 திரும்ப ஊதியத்தில் சேர்ந்து 12,000 ஆகிறது. பத்து வருடம் வேலை செய்தவர் என்றால் கிராஜுவிட்டி 8,000-க்கு 46,154 ஆக இருந்தது, 12,000-க்கு 69,231. 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுப்பது மாறவில்லை.

கைக்கு வரும் சம்பளம் குறையுமா என்று அந்த டர்னரே கேட்டார். பி.எஃப். 8,000-க்குப் பிடித்தது 12,000-க்குப் பிடித்தால் 480 ரூபாய் குறையும். அதே 480-ஐ முதலாளியும் போட வேண்டும். இதை ஆட்களை உட்காரவைத்துச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் சீட்டில் மாற்றினால் சந்தேகம்தான் வளரும்.

நவம்பர் 26

பவுண்டரிக்காரருக்கு நினைவூட்டல்: மார்ச்சில் முடிந்த வருடத்துக்கான போனஸ் 30-ஆம் தேதிக்குள். தீபாவளிக்குக் கொடுத்தாயிற்று என்கிறார். நடுவில் நின்றுபோனவர்களுக்கு? அந்த வருடத்தில் 30 நாள் வேலை செய்திருந்தால் அவர்களுக்கும் உண்டு.

நவம்பர் 27

கணபதியில் புது ரிலே மாட்டியாயிற்று. பொத்தான்களுக்கு இடையே இரண்டு கை அகலம், மேலே குமிழ் மூடி, முழங்கையால் அமுக்க முடியாதபடி. அச்சுக்கு முன்னால் கம்பித் தடுப்பும் வந்துவிட்டது. டேப் ஒட்டிப் பார்த்தேன், இறங்கவில்லை.

நவம்பர் 28, வெள்ளி

இ.எஸ்.ஐ. இன்ஸ்பெக்டர் திங்கட்கிழமை 11 மணிக்கு வருகிறார். எடுத்து வைக்க வேண்டியது: அக்டோபர், நவம்பர் வருகைப் பதிவேடு, வாரச் சம்பள நோட்டு அசலாகவே, விபத்துப் பதிவேடு, சாட்சி இருவரின் ஆதார், ஆஸ்பத்திரிச் சேர்க்கைச் சீட்டு, சலான். மேஸ்திரியின் பாக்கெட் நோட்டில் 27-ஆம் தேதிப் பக்கத்தில் பையன் பெயர் பென்சிலில் இருக்கிறது. அதன்மேல் பேனாவால் எழுத வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லியாயிற்று. பீகார் பையன்களுக்குப் போட்ட கடித நகலும், அவர்கள் ஊருக்குப் போன தேதியும் வேண்டும். அவர்களைச் சேர்த்தால்தான் பத்து. வாட்ச்மேனைப் பகலில் வரச்சொல்ல வேண்டும்.